இடம் ஒரு கையில், பணம் இன்னொரு கையில்

2007 டிசம்பரில் கனடாவின் வான்கூவர் நகரில் நிப்ஸ் மாநாடு கூடியது. இயந்திரக் கற்றலை ஆராய்பவர்கள் ஆண்டுக்கொரு முறை சந்தித்துக்கொள்ளும் இடம் அது. இன்று நியூரிப்ஸ் என்று பெயர் மாறியிருக்கிறது. அந்த நாட்களில் முதன்மை மாநாடு வான்கூவரில் முடிந்ததும் எல்லோரும் விஸ்லர் என்ற மலைவாசத்தலத்துக்குக் கிளம்புவார்கள். பயிலரங்குகள் அங்கேதான் நடக்கும். ஆழ் கற்றலுக்கென்று ஒரு பயிலரங்கு நடத்த வேண்டும் என்று ஜெஃப்ரி ஹின்டன், யான் லெகுன், யோஷுவா பெஞ்சியோ ஆகியோரைச் சுற்றியிருந்த சிறு வட்டம் அந்த ஆண்டு முன்மொழிவு கொடுத்தது. மாநாடு அதை ஏற்கவில்லை. அதனால் அவர்கள் மலைக்கு வண்டி ஏறுவதற்கு முன்னிருந்த இடைவெளியில், வான்கூவரிலேயே, அதிகாரபூர்வ நிகழ்ச்சிநிரலுக்கு வெளியே ஒரு துணைக் கூட்டத்தைத் தாங்களாகவே நடத்தினார்கள். செலவைக் கனடாவின் உயர் ஆய்வு நிறுவனமான சிஃபார் ஏற்றது. அனுமதி பெற்ற பயிலரங்குகளைவிட அனுமதி பெறாத இந்தக் கூட்டத்துக்குத்தான் அதிகம் பேர் வந்தார்கள் என்று அதில் இருந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். அந்த மூவருக்கும் 2018ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. ஹின்டன் 2024இல் இயற்பியல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். ஆகவே மேதைகளை அடையாளம் காணத் தவறிய ஒரு குழுவின் கதையாகவே இது வழக்கமாகச் சொல்லப்படுகிறது. கேட்கச் சுவையானதுதான். ஆனால் குழுக்கள் தவறு செய்யும், செய்தே தீரும். அதில் ஆராய என்ன இருக்கிறது? அந்தத் தவறு அங்கேயே இறுதித் தீர்ப்பாக ஆகிவிடாமல் போனது எப்படி என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இடம் கொடுக்கும் அதிகாரமும் பணம் கொடுக்கும் அதிகாரமும் வெவ்வேறு கைகளில் இருந்ததால் என்பதே நான் காணும் விடை. ஆய்வுலகம் இந்தப் பிரிவினையைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல் திட்டமிட்டே பேண வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நம் கல்லூரிகளில் பயிலரங்கு என்றால் மாணவர்களுக்கு ஒரு கருவியையோ முறையையோ கற்றுத்தரும் ஓரிரு நாள் வகுப்பு என்றே பழகியிருக்கிறோம். இங்கே பேசப்படுவது வேறு. ஒரு பெரிய ஆய்வு மாநாட்டின் முன்னாலோ பின்னாலோ ஒரு நாள் ஒதுக்கி, ஒரே கேள்வியில் ஈடுபட்டவர்கள் ஐம்பது பேரோ இருநூறு பேரோ ஓர் அறையில் உட்கார்ந்து, இன்னும் முடியாத வேலையைப் பற்றிப் பேசும் கூட்டம் இது. கணினி அறிவியலில் மாநாடுதான் முதன்மையான வெளியீட்டுக் களம் என்பதால் அங்கே இந்த வழக்கம் வேரோடியிருக்கிறது. கணினி மொழியியலுக்கான ஏசிஎல் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். அதன் குடும்பத்தைச் சேர்ந்த பல மாநாடுகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஒரே அழைப்பு வரும். விரும்புகிறவர்கள் சில பக்க முன்மொழிவு எழுதி, எந்த மாநாட்டோடு சேர்ந்து நடத்த விருப்பம் என்று வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். பொருள் என்ன, ஏன் இப்போது, யார் ஒருங்கிணைப்பாளர்கள், அவர்களுக்கு முன் அனுபவம் உண்டா, சிறப்புரையாளர்கள் யார், கட்டுரைகளை மதிப்பிட யாரெல்லாம் சம்மதித்திருக்கிறார்கள், முந்தைய ஆண்டுகளில் எத்தனை கட்டுரை வந்தது, எத்தனை பேர் வருவார்கள் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்றெல்லாம் அதில் கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமான கேள்விதான். நூறு பேர் உட்காரும் அறையை இருபது பேருக்குக் கொடுத்துவிட்டு விழிக்க எந்த மாநாடும் விரும்பாது. ஆனால் அவற்றை வரிசையாகப் படித்தால் ஒரு சாய்வு தெரியும். கடந்த ஆண்டு நடத்தியவருக்கு எல்லாக் கேள்விக்கும் எண்ணில் பதில் இருக்கிறது. முதன்முறை கேட்பவருக்கு நம்பிக்கை மட்டும்தான் இருக்கிறது. ஏற்கெனவே கூட்டம் சேர்ந்துவிட்ட கேள்விக்கே இடம் எளிதாகக் கிடைக்கும். கூட்டம் சேர்வதற்கே ஓர் இடம் தேவைப்படும் கேள்வி படிவத்தின் பாதியை வெற்றாக விட வேண்டியிருக்கும்.

இடம் கிடைத்துவிட்டால் பணம் தானாக வந்துவிடும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. இடம் கிடைப்பது கல்யாண மண்டபம் கிடைப்பதைப் போன்றது. மண்டபம் கிடைத்தால் விருந்துச் செலவு தீர்ந்துவிடாது. மாநாடு கொடுப்பது அறை, ஒலிபெருக்கி, இடைவேளைத் தேநீர், இணையதளத்தில் ஒரு வரி, கூடவே ஒன்றிரண்டு இலவசப் பதிவுகள். பங்கேற்பாளர்கள் செலுத்தும் பதிவுக் கட்டணம் மாநாட்டின் கணக்குக்குப் போகிறது. பயிலரங்கை நடத்துபவர் கைக்கு வருவதில்லை. சிறப்புரையாளரின் விமானக் கட்டணம், விடுதி, வர வசதியில்லாத மாணவர்களின் பயணம், விசாக் கட்டணம், சிறந்த கட்டுரைக்கான சிறு பரிசு, எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பாளர்களே தேட வேண்டும். இவற்றைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. அது முன்மொழிவுப் படிவத்தில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. பல பயிலரங்குகள் ஒரு பொதுச் சோதனையை வைக்கின்றன. எல்லாக் குழுக்களுக்கும் ஒரே தரவு, ஒரே கெடு, ஒரே அளவுகோல். அந்தத் தரவை யாரோ ஒருவர் வரி வரியாகப் படித்துக் குறித்துத் தர வேண்டும். ஆயிரக்கணக்கான வாக்கியங்களை மொழிபெயர்க்க வேண்டும், அல்லது இது வசை, இது வசையில்லை என்று பிரிக்க வேண்டும். அதற்குக் கூலி உண்டு. கூலி கொடுக்கப்படாத இடத்தில் அந்தக் கூலியை ஆய்வு மாணவர்களின் இரவுகள் செலுத்துகின்றன.

சிஃபார் 2007இல் திடீரென்று வந்து உதவிய வள்ளல் அல்ல. 2004இலேயே அது ஹின்டன் தலைமையில் நரம்பணுக் கணிப்பும் தகவமையும் புலனுணர்வும் குறித்து ஒரு சிறு ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. லெகுனும் பெஞ்சியோவும் அதில் உறுப்பினர்கள். கனடாவின் பல்கலைக்கழகங்கள், அமெரிக்க ஆய்வகங்கள் என்று சிதறிக்கிடந்தவர்களை ஆண்டுக்கு ஓரிரு முறை ஓரிடத்தில் கூட்டிப் பேசவைப்பதுதான் அதன் முதன்மைச் செலவு. பெரிய ஆய்வு நிதிகளோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. ஆனால் அதற்கு இரண்டு குணங்கள் இருந்தன. எந்த மாநாட்டுக் குழுவின் தலையசைப்பையும் நம்பி அது கொடுக்கப்படவில்லை. இன்ன தேதிக்குள் இன்ன விளைவைக் காட்டு என்றும் கேட்கப்படவில்லை. அதனால்தான் நிகழ்ச்சிநிரலில் இடம் இல்லை என்று ஆனபோதும் ஓர் அறையை வாடகைக்குப் பிடிக்க முடிந்தது. இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 2009இல் அதே மாநாட்டின் விஸ்லர் பயிலரங்குகளில் ஒன்றாக, பேச்சுணர்தலுக்கு ஆழ் கற்றல் என்ற தலைப்பில் லி டெங், டாங் யூ, ஹின்டன் ஆகியோர் ஒருங்கிணைத்த கூட்டம் நடந்தது. முதல் இருவரும் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள். ஹின்டனின் டொராண்டோ மாணவர்கள் ஒலியன்களை இனங்காண்பதில் பெற்ற முடிவுகள் அங்கே பேசப்பட்டன. அந்தத் தொடர்பு வளர்ந்து, 2012இல் டொராண்டோ, மைக்ரோசாஃப்ட், கூகிள், ஐபிஎம் ஆகிய நான்கு குழுக்களும் சேர்ந்து எழுதிய கட்டுரையாக வெளிவந்தது. கைப்பேசியிடம் பேசி வேலை வாங்கும் இன்றைய பழக்கத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. 2007இல் மறுத்த அதே மாநாடுதான் 2009இல் இடம் கொடுத்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. இரண்டாவது கை முதல் கையைத் தோற்கடிக்கவில்லை. அதற்கு மனம் மாற அவகாசம் வாங்கிக் கொடுத்தது.

கைகள் வேறாக இருப்பதன் பயனை இன்னொரு பக்கத்திலிருந்தும் காட்டலாம். ஃபெய்-ஃபெய் லியும் அவர் குழுவினரும் தொகுத்த இமேஜ்நெட் படத்தொகுப்பு 2009இல் மயாமியில் நடந்த கணினிப் பார்வை மாநாட்டில் சுவரொட்டிக் கட்டுரையாகத்தான் அறிமுகமானது. மேடை உரை கிடைக்கவில்லை. அதே காலத்தில் ஐரோப்பாவில் பாஸ்கல் என்ற ஆய்வு வலையமைப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் இயங்கிவந்தது. படத்தில் இருக்கும் பொருள் எது என்று கணினியைக் கண்டுபிடிக்கச் சொல்லும் போட்டி ஒன்றை 2005 முதல் ஆண்டுதோறும் அது ஆதரித்தது. போட்டி முடிவுகள் பெரிய மாநாடுகளை ஒட்டிய பயிலரங்கில் அறிவிக்கப்படும். இருபது வகைப் பொருள்கள், சில ஆயிரம் படங்கள், நிலைபெற்ற நடைமுறை, நம்பிக்கையான கூட்டம். 2010இல் இமேஜ்நெட் தன் ஆயிரம் வகைகளோடும் பன்னிரண்டு லட்சம் படங்களோடும் அந்தப் போட்டியின் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. தனியாகப் போட்டி நடத்தியிருந்தால் யார் வந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. 2012 அக்டோபரில் ஃப்ளோரன்ஸில் நடந்த ஐரோப்பியக் கணினிப் பார்வை மாநாட்டின் பயிலரங்கில், டொராண்டோ குழுவின் ஆழ் கற்றல் வலையமைப்பு 15.3 விழுக்காடு பிழையோடு முதலிடம் பெற்றதாக அறிவிக்கப்பட்டது; அடுத்து வந்த குழுவின் பிழை 26.2 விழுக்காடு. ஐரோப்பியப் பொதுப்பணத்தில் நிலைபெற்ற ஒரு பயிலரங்கு, அமெரிக்காவில் உருவான தரவுத்தொகுப்புக்கு இடம் கொடுக்க, கனடாவின் சிறு நிதியில் காப்பாற்றப்பட்ட முறை அங்கே வென்றது. இந்த மூன்றையும் ஒரே அலுவலகம் நிர்வகித்திருந்தால், மூன்றில் ஒன்றையாவது தேவையற்றது என்று வெட்டியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பணம் எதற்குச் செலவாகிறது என்பதைப் பார்க்க இயந்திர மொழிபெயர்ப்புப் பயிலரங்கைவிடத் தெளிவான சான்று இல்லை. 2006இல் நியூயார்க்கில் ஏசிஎல் குடும்பத்து மாநாடு ஒன்றின் துணை நிகழ்வாக அது தொடங்கியது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் பல மொழிகளில் இருந்ததால் பயிற்சித் தரவுக்குத் தட்டுப்பாடு இல்லை. ஆனால் ஆண்டுதோறும் புதிய சோதனைத் தரவு வேண்டும். பழைய சோதனையை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். அன்றாடச் செய்திகளை எடுத்து, தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கூலி கொடுத்து மொழிபெயர்க்க வேண்டும். பிறகு வந்த இயந்திர மொழிபெயர்ப்புகளை மனிதர்கள் படித்து ஒப்பிட வேண்டும். இந்த வேலைக்கு யூரோமேட்ரிக்ஸும் அதைத் தொடர்ந்து வந்த ஐரோப்பிய ஆய்வுத் திட்டங்களும் கைகொடுத்தன. மாநாடு இடம் கொடுத்தது, திட்டங்கள் தரவைக் கொடுத்தன. இரண்டும் ஒன்றையொன்று கேள்வி கேட்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து 2016இல் பெர்லினில் அந்தப் பயிலரங்கே முழு மாநாடாக உயர்ந்தது. அதன் 2014ஆம் ஆண்டுச் சோதனைத் தரவில்தான் 2017இல் வெளியான டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரை தன் ஆங்கில–ஜெர்மன் முடிவை நிறுவியது. இன்றைய மொழி மாதிரிகளில் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளமான கட்டுரை அது. ஒரு துணை நிகழ்வுக்காகக் கூலி கொடுத்து மொழிபெயர்க்கப்பட்ட செய்தி வாக்கியங்கள், உலகம் முழுவதும் பல ஆண்டுகளுக்கு அளவுகோலாக நின்றன. 2020இல் அந்தச் சோதனையில் தமிழும் ஒரு மொழியாகச் சேர்ந்தது. அதுவரை தமிழ்–ஆங்கில மொழிபெயர்ப்பை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் ஆளுக்கொரு தரவில் ஆளுக்கொரு மதிப்பெண் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரே வாக்கியங்களின் மீது பல நாட்டுக் குழுக்கள் மோதிப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், அந்த வாக்கியங்களை மொழிபெயர்க்க யாரோ பணம் ஒதுக்கியிருந்ததுதான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். வென்ற கதைகளை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறாய். மறுக்கப்பட்ட முன்மொழிவுகளில் பெரும்பான்மை மறுக்கப்பட வேண்டியவையே. வேறொரு கை பணம் கொடுத்து நடந்த எத்தனையோ கூட்டங்கள் சுவடின்றி மறைந்துபோயின. அவற்றை யார் கணக்கெடுத்தார்கள் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலான பயிலரங்குகள் ஒன்றிரண்டு முறை நடந்து நின்றுபோவது உண்மை. ஆனால் என் வாதம் மறுக்கப்பட்டவை எல்லாம் மாணிக்கங்கள் என்பதில் நிற்கவில்லை. தேர்வுக்குழு பத்தில் ஒன்பது முறை சரியாக முடிவெடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பத்தாவது தவறைத் திருத்த ஒரு வழி திறந்திருக்கிறதா என்பதே கேள்வி. தவறாக ஏற்கப்பட்ட பயிலரங்கின் செலவு ஓர் அறையும் ஒரு நாளும். தவறாக மறுக்கப்பட்டதன் செலவை யாராலும் அளக்க முடியாது, ஏனென்றால் அது நடக்கவே இல்லை. இரண்டு பிழைகளின் விலையும் இவ்வளவு சமமின்றி இருக்கும்போது, மலிவான பிழையைச் சற்று அதிகமாகச் செய்ய வழிவிடுவது கணக்குப்படியே சரியானது. சுவடின்றி மறைந்த கூட்டங்கள் இந்த ஏற்பாட்டின் தோல்வி என்று சொல்வதைவிட அதன் சந்தா என்று சொல்லலாம்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஜெர்மனியிலிருந்து வருகிறது. ஸார்லாந்து மாநிலத்தில் டாக்ஸ்டூல் என்ற ஊரில் 1990 முதல் கணினி அறிவியலுக்கான கூட்டமையம் ஒன்று இயங்குகிறது. கணிதத்துக்கு அதற்கும் முன்பே, 1944இல், கருங்காட்டுப் பகுதியின் ஓபர்வோல்ஃபாக்கில் ஒன்று தோன்றிவிட்டது. டாக்ஸ்டூலில் ஒரு பொருளை முன்மொழிந்து ஏற்கப்பட்டால், அழைக்கப்பட்டவர்கள் ஒரு வாரம் அங்கேயே தங்கிப் பேசலாம். தங்கும் செலவின் பெரும்பகுதியை அரசு நிதி தாங்குகிறது. முன்கூட்டியே இறுக்கமான நிகழ்ச்சிநிரல் கேட்கப்படுவதில்லை. இங்கே இடமும் பணமும் ஒரே கையில்தான் இருக்கின்றன. இருந்தும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் சிறந்த கூட்டங்கள் சில அங்கே நடக்கின்றன. அப்படியானால் என் பிரிவினைவாதம் எதற்கு? டாக்ஸ்டூலின் கை எந்த ஒரு மாநாட்டுக்கும் எந்த ஒரு சங்கத்துக்கும் சொந்தமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தன் துறையின் எல்லைகளைக் காக்கும் பொறுப்பு அதற்கு இல்லை. நிப்ஸ் மறுத்ததை டாக்ஸ்டூல் ஏற்கலாம், டாக்ஸ்டூல் மறுத்ததை இன்னொரு மாநாடு ஏற்கலாம். மொத்த அமைப்பையும் பார்த்தால் அதுவும் ஓர் இரண்டாவது கையாகவே வேலை செய்கிறது. ஆகவே என் கூற்றைக் கொஞ்சம் திருத்திச் சொல்வதே நேர்மை: ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு கைகள் வேண்டும் என்பதில்லை, ஒரு துறைக்கு ஒரே வாசல் இருக்கக் கூடாது. ஓபர்வோல்ஃபாக் பாணியில் அழைப்பின் பேரில் மட்டுமே கூடுவதில், தெரிந்தவர்கள் தெரிந்தவர்களையே அழைக்கும் நோய் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். சிஃபார் வட்டத்துக்கும் அந்தக் குறை இருந்தது. மாநாட்டுப் பயிலரங்கின் பெரிய நன்மையே, பெயர் தெரியாத மாணவர் ஒருவர் நாலு பக்கக் கட்டுரை அனுப்பி உள்ளே வர முடியும் என்பதுதான்.

மூன்றாவதாக, பெருநிறுவனங்கள்தான் பணத்தைக் கொட்டுகின்றனவே, இன்னும் எதற்குப் பொது நிதி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொட்டுவது உண்மை. இயந்திரக் கற்றல் மாநாடுகளில் புரவலர் பட்டியல்கள் நீண்டுகொண்டே போயின. ஆனால் அந்தப் பணம் எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். 2009இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஒருங்கிணைத்தது, ஆழ் கற்றலில் ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கை பிறந்த பிறகு. 2004இல் இருந்தது சிஃபாரின் காசுதான். கம்பெனிப் பணம் பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தின் பணம். அதோடு, அது நடத்துபவர்களைச் சங்கடமான இடத்தில் நிறுத்தக்கூடியது. 2017இல் லாங் பீச்சில் நடந்த நிப்ஸ் மாநாட்டில், கறுப்பின ஆய்வாளர்களுக்கான பிளாக் இன் ஏஐ அமைப்பின் முதல் பயிலரங்கு கூடியது. அதைத் தொடங்கியவர்களில் டிம்னிட் கெப்ரூ ஒருவர். 2020 டிசம்பரில் அவர் கூகிளிலிருந்து வெளியேறினார். தன்னை நீக்கினார்கள் என்பது அவர் தரப்பு, விலகலை ஏற்றோம் என்பது நிறுவனத்தின் தரப்பு. அடுத்த ஆண்டு பிளாக் இன் ஏஐ, குயர் இன் ஏஐ, வைடனிங் என்எல்பி ஆகிய மூன்று அமைப்புகளும் இனி கூகிளின் நிதி வேண்டாம் என்று அறிவித்தன. துணிவான முடிவு. ஆனால் அந்தப் பணத்தில்தான் வசதியற்ற நாட்டு மாணவர்கள் பயணம் செய்கிறார்கள் என்றால், அந்தத் துணிவின் விலையைச் செலுத்துவது யார்? ஒரே ஒரு பெரிய புரவலரை நம்பியிருக்கும் பயிலரங்குக்கு, இடம் கொடுக்கும் கை எவ்வளவு தாராளமாக இருந்தாலும் பயனில்லை.

பயணம் என்றதும் இணையவழிக் கூட்டம் நினைவுக்கு வரும். கொரோனாக் காலத்தில் எல்லாம் இணையத்துக்குப் போயிற்று, வானம் இடிந்துவிடவில்லை, இனியும் அப்படியே நடத்தினால் பணப் பிரச்சினையே இராது என்பது அந்த வாதம். பாதி சரி. கட்டுரை வாசிப்பதற்கு இணையம் போதும். 2018இல் மான்ட்ரியலில் நடந்த நியூரிப்ஸ் மாநாட்டுக்கு வர விரும்பிய ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் பலருக்குக் கனடா விசா மறுத்தது. அவர்களுக்குத் திரை வழியே ஓர் இருக்கையாவது கிடைத்திருந்தால் நல்லதுதான். ஆனால் பயிலரங்கின் பலன் பெரும்பாலும் வாசிப்பில் விளைவதில்லை. யாரோடு சேர்ந்து அடுத்த கட்டுரை எழுதலாம், யாரிடம் தரவு கேட்கலாம், அடுத்த ஆண்டு முன்மொழிவில் யார் பெயரைச் சேர்க்கலாம் என்பதெல்லாம் தேநீர் இடைவேளையில் முடிவாகின்றன. திரையில் இருப்பவருக்கு உரை கேட்கிறது, தேநீர் மேசை தெரிவதில்லை. மாநாட்டையே நகர்த்தலாம் என்ற மறுமொழியும் வந்தது: ஐசிஎல்ஆர் என்ற இயந்திரக் கற்றல் மாநாடு 2020இல் அடிஸ் அபாபாவில் நடப்பதாக இருந்து, கொள்ளைநோயால் இணையத்துக்கு மாறி, 2023இல் ருவாண்டாவின் கிகாலியில் கூடியது. ஆப்பிரிக்க மொழிகளுக்கான பயிலரங்கும் 2020இல் அந்த மாநாட்டோடுதான் தொடங்கியது. நல்ல முன்மாதிரி. ஆனாலும் மாநாடு ஒவ்வோர் ஆண்டும் எல்லோருடைய ஊருக்கும் வர முடியாது. வராத ஆண்டுகளுக்குப் பயணப்படி வேண்டும்.

இந்தியாவின் நிலையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். கருத்தரங்குகளுக்கும் பயிலரங்குகளுக்கும் இங்கே அரசு நிதி இல்லாமல் இல்லை. அறிவியல் தொழில்நுட்பத் துறை, சிஎஸ்ஐஆர், சமூக அறிவியல் ஆய்வு மன்றம், முன்பு எஸ்இஆர்பி, 2023ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அதை உள்வாங்கிக்கொண்ட அனுசந்தான் தேசிய ஆய்வு நிதியம் என்று பல வாயில்கள் உண்டு. கோளாறு தொகையில் மட்டும் இல்லை, அதன் வடிவத்தில் இருக்கிறது. நல்கை ஒரு கேள்விக்குத் தரப்படுவதில்லை, ஒரு நிறுவனத்துக்குத் தரப்படுகிறது. விண்ணப்பத்தில் நிறுவனத் தலைவர் கையொப்பமிட வேண்டும். நிகழ்வு அந்த நிறுவனத்தின் வளாகத்தில், அதன் பதாகையின் கீழ் நடக்கும். தொகை அதன் கணக்கில் ஏறும். முடிந்ததும் தணிக்கை செய்யப்பட்ட செலவுக் கணக்கோடு ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும். அரசுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பதில் தவறில்லை. ஆனால் இந்த நடைமுறையில் இடமும் பணமும் ஒரே கதவுக்குப் பின்னால் போய் அமர்ந்துவிடுகின்றன. துறைத்தலைவருக்கோ முதல்வருக்கோ பிடிக்காத கேள்விக்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. பிடித்த கேள்விக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்கும். தொடக்க விழாவுக்குக் குத்துவிளக்கும் பொன்னாடையும் நினைவுப்பரிசும்கூட. வெளிநாட்டில் நடக்கும் ஒரு மாநாட்டில் இடம் வென்றுவிட்ட இந்திய ஒருங்கிணைப்பாளருக்கோ இந்த வடிவம் அநேகமாக உதவுவதில்லை. அவருக்கு வேண்டியது வளாகமோ மேடையோ அல்ல. தரவைக் குறிப்பவர்களுக்குக் கூலி, நான்கு மாணவர்களுக்கு விமானச் சீட்டு. தனிநபர் வெளிநாட்டுப் பயணத்துக்கு உதவித் திட்டங்கள் இருந்தாலும், கட்டுரை வாசிக்கப்போகும் ஒருவரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை அவை. ஒரு கூட்டத்தையே கட்டியெழுப்புபவருக்கு அவற்றில் பத்தி இல்லை.

இத்தனைக்கும் நடுவில் நடந்தவை உண்டு. இந்திய மொழிகளில் தகவல் மீட்புக்கான ஃபயர் அமைப்பு 2008இல் தொடங்கி, ஆண்டுதோறும் யார் வேண்டுமானாலும் ஒரு சோதனையை முன்மொழியலாம் என்று வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலம் கலந்து எழுதப்படும் யூடியூப் கருத்துகளின் தொனியைக் கணிக்கும் சோதனை 2020இல் அங்கே நடந்தது. அதில் கிடைத்த ஆட்களும் அனுபவமும் சேர்ந்து, அடுத்த ஆண்டே ஏசிஎல் குடும்பத்தின் ஐரோப்பிய மாநாட்டில் திராவிட மொழிகளுக்கென்று தனிப் பயிலரங்கு எழுந்தது. வசைச் சொற்களை இனங்காண்பது, தமிழ் மீம்களில் கேலியைப் பிரிப்பது, திராவிட மொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்பது என்று அதன் சோதனைகள் அமைந்தன. 2022இல் டப்ளினில் நடந்த ஏசிஎல் மாநாட்டோடு அது மீண்டும் கூடியது. முதலில் ஃபயரில் ஒரு சிறிய சோதனை, பிறகு பெரிய மாநாட்டில் ஒரு நாள் என்ற இந்த வரிசை தற்செயலானது அல்ல. பெரிய மாநாட்டின் படிவம் கேட்ட எண்களை, அதாவது எத்தனை குழு பங்கேற்றது, எத்தனை கட்டுரை வந்தது என்பவற்றை, சிறிய வாசல் முன்பே தயாரித்துக் கொடுத்துவிட்டது. இந்தக் கூட்டங்களில் வெளியாகும் கட்டுரைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, ஆயத்த மாதிரி ஒன்றை எடுத்துத் தரவில் ஓட்டி மதிப்பெண் சொல்வதோடு நின்றுவிடுகின்றன என்ற குறை சொல்லப்படுகிறது. அதில் பெருமளவு உண்மை உண்டு. ஆனால் அதற்கு மருந்து பயிலரங்கைக் குறைப்பது அல்ல. தரவைக் குறிக்கும் வேலையை அவசரமாகவும் இலவசமாகவும் செய்ய வேண்டியிருப்பதால்தான் கேள்விகளும் எளிதாகக் குறிக்கக்கூடியவையாகச் சுருங்குகின்றன. இது வசையா இல்லையா என்று ஒரு மாணவர் நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஒரு வழக்காற்றுத் தொடரின் பொருள் எந்த வட்டாரத்தில் எப்படி மாறுகிறது என்று குறிக்க மொழி தெரிந்தவர் நாள்கணக்கில் உட்கார வேண்டும். இரண்டாவது வகைக் கேள்விக்குக் கூலி கொடுக்க ஆள் இல்லாத வரை முதல் வகையே பெருகும்.

ஆகவே அனுசந்தான் நிதியமோ ஒரு மாநில அரசோ செய்யக்கூடியது, வரவுசெலவுத் திட்டத்தில் எளிதில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது: பயிலரங்குகளுக்கென்று ஒரு தனி நல்கை. மாநாட்டு இடத்தை வென்றவர், வெல்லாமல் போனவர் இருவரும் விண்ணப்பிக்கலாம் என்று விதி இருக்க வேண்டும். இந்த இரண்டாவது சொல்லில்தான் அதிகாரிகள் முகம் சுளிப்பார்கள். ஒரு குழு நிராகரித்ததற்குப் பொதுப்பணமா என்று தணிக்கைக் குறிப்பு வரும். வான்கூவரில் 2007இல் நடந்தது அதுதான் என்று பதில் எழுதலாம். தொகை நிறுவனத்தின் வளாகத்துக்கு இல்லாமல் தரவுக்கும் பயணத்துக்கும் என்று வரையறுக்கப்பட வேண்டும். பொன்னாடைக்கும் மேடை அலங்காரத்துக்கும் அதில் தலைப்பே இருக்கக் கூடாது. மதிப்பீடு செய்பவர்கள் அதே துறையின் மாநாட்டுக் குழுவில் இருப்பவர்களாக இருந்தால் இரண்டாவது கை முதல் கையின் நிழலாகிவிடும் என்பதால், பாதிப்பேராவது பக்கத்துத் துறைகளிலிருந்து வர வேண்டும்: மொழித்தொழில்நுட்பக் கூட்டத்தை மொழியியலாளரும், அகராதித் துறையினரும், ஓரளவு இதழாளரும் மதிப்பிடட்டும். கணக்கைப் பொறுத்தவரை 12-ஏ படிவம் இருக்கட்டும். விளைவைக் கேட்கும் பத்தியில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை எடுத்துவிட்டு, கூட்டம் முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி என்ன தரவு பொதுவெளியில் வைக்கப்பட்டது என்று கேட்டால் போதும்.